குனிந்த முதுகும் குட்டைக் கைப்பிடியும்

அரசர்களின் வாளுக்கும் முடிக்கும் நம் வரலாற்றுப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியுள்ளன. களைக்கொத்தின் பிடி எத்தனை அங்குலம் இருத்தல் வேண்டும், அதனை முடிவு செய்தவர் யார், அம்முடிவினால் வளைந்தது யாருடைய முதுகு என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் ஒரு வரியும் கிடையாது. முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வருபவன் என்ற முறையில் இக்குறையை நான் நன்கு அறிவேன். நமது சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, கருவிகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்வது என்று துணிந்தேன். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கையில் பிடித்தவை மண்வெட்டியும் கூடையும் துடைப்பமும் ஆதலின், இது நம் வீட்டு வரலாறும் ஆகும்.

வேலை செய்பவரின் உடலுக்குப் பொருந்துமாறு கருவியையும் வேலையிடத்தையும் அமைக்கும் கலையை இந்நாளில் பணிச்சூழலியல் என்று வழங்குகின்றனர். மேனாட்டில் அதற்கு எர்கோனாமிக்ஸ் என்று பெயர். உழைப்பு, விதி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1857இல் வொய்சியெக் யஸ்த்செம்பொவ்ஸ்கி என்னும் போலந்து அறிஞர் அப்பெயரை முதன்முதலில் ஆண்டார். அவர் நட்ட சொல் நெடுங்காலம் முளைக்கவில்லை. 1949இல் இங்கிலாந்தில் மரெல் என்பவரும் அவர் தோழர்களும் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவியபோதுதான் அச்சொல் நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் ஒரு பிடிக்கு மாறாக வேறொரு பிடியை இழுத்து விபத்துக்குள்ளானமையே அறிஞர் பலரை இத்துறைக்குத் திருப்பியது. பிழை விமானியிடத்து மட்டும் இல்லை, ஒன்றுபோலவே அமைந்த பிடிகளிலும் உண்டு என்று கண்டு, தொட்டவுடனே வேறுபாடு தெரியும்படி அவற்றை மாற்றினர்.

பெயர் புதிதாயினும் பொருள் பழையது. அதன் தொடக்கத்தை ஒரு மலக்குழியின் ஓரத்தில் காணலாம் என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி.

இத்தாலி நாட்டு மொடெனா நகரில் பெர்னார்டினோ ரமாட்சினி என்னும் மருத்துவர் வாழ்ந்தார். நெருக்கமாக உயர்ந்த வீடுகள் நிறைந்த அந்நகரில், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வீட்டு மலக்குழிகளைத் துப்புரவு செய்வது வழக்கம். ஒரு நாள் அவருடைய வீட்டிலேயே அவ்வேலை நடந்தது. குழியில் இறங்கியிருந்த தொழிலாளி மூச்சு முட்ட விரைந்து வேலை செய்வதைக் கண்ட ரமாட்சினி, சற்றே நிதானமாகச் செய்தால் என்ன என்று கேட்டார். அம்மனிதர் கண்களை உயர்த்தி, இங்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்பது கண்ணை இழப்பதற்கு ஒப்பாகும், செய்து பார்க்காதவர்க்கு இது விளங்காது என்னும் கருத்துப்பட விடையளித்தார். அவர் மேலே வந்ததும் மருத்துவர் அவர் கண்களை ஆராய்ந்தார். அவை சிவந்து மங்கியிருந்தன. இதற்கு என்ன மருந்து செய்கிறீர் என்று வினவ, வீட்டுக்குச் சென்று இருட்டறையில் மறுநாள் வரை அடைந்து கிடப்பதும், வெந்நீரால் கண்ணைக் கழுவிக்கொள்வதுமே மருந்து என்றார் அத்தொழிலாளி. அந்நகரில் பிச்சையெடுக்கும் குருடர் சிலர் ஒரு காலத்தில் இத்தொழில் செய்தவர்களே என்பதும் ரமாட்சினிக்குத் தெரிய வந்தது.

இந்த உரையாடலின் விளைவாகவே தொழிலாளரின் நோய்கள் பற்றிய அவருடைய நூல் பிறந்தது. 1700ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய வினாக்களைப் பண்டைக் கிரேக்க மருத்துவர் இப்போகிரத்தசு வகுத்திருந்தார். அவற்றுடன் 'நீர் செய்யும் தொழில் யாது?' என்னும் வினாவையும் சேர்க்க வேண்டும் என்றார் ரமாட்சினி. தொழில் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அத்தந்தைக்கு ஆசானாக அமைந்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. அவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ரமாட்சினி கூறிய பரிகாரம் நோக்கத்தக்கது. ஒளி ஊடுருவும் விலங்கின் சிறுநீர்ப்பையை முகத்தில் கட்டிக்கொண்டு குழியில் இறங்குமாறு அவர் அறிவுரை கூறினார். செந்தூரம் தீட்டும் தொழிலாளர் அவ்வாறு முகத்தை மூடிக்கொள்வதை அவர் கண்டிருந்தார். அக்கால அறிவுக்கு அது பெரிய இரக்கமே. எனினும் மனிதன் ஏன் குழியில் இறங்க வேண்டும் என்று அவர் கேட்டாரில்லை. கருவியைச் செம்மை செய்வதா, வேலையையே ஒழிப்பதா என்னும் இவ்வழக்கு, முந்நூறு ஆண்டுகளாகத் தீராமல் நம் வாசல் வரை வந்து நிற்கிறது.

யாருக்காகக் கருவியைச் செம்மை செய்வது என்பது இன்னொரு வழக்கு. அமெரிக்காவில் பெத்லகேம் எஃகு ஆலையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெடெரிக் டெய்லர் என்னும் பொறியாளர் மண்வாரியை ஆராய்ந்தார். அதுவரை தொழிலாளர் தம் சொந்த வாரிகளைக் கொண்டுவந்தனர். கனமான இரும்புக் கனியத்தையும் இலேசான கரித்தூளையும் ஒரே வாரியால் அள்ளினர். ஒரு வாரிக்கு 21 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ, இருந்தால் ஒரு நாளில் மிகுதியான சரக்கை அள்ள இயலும் என்று டெய்லர் கணக்கிட்டார். கனியத்துக்குச் சிறிய வாரியும் கரிக்குப் பெரிய வாரியும் செய்து கொடுத்தார். ஒருவர் நாளொன்றுக்கு அள்ளிய 16 டன், 59 டன் ஆயிற்று. கூலி 1.15 டாலரிலிருந்து 1.88 டாலராக உயர்ந்தது. நானூறு முதல் அறுநூறு பேர் செய்த வேலைக்கு 140 பேர் போதும் என்றாயிற்று. இவ்வெண்கள் யாவும் டெய்லரே 1911இல் வெளியிட்ட நூலில் தந்தவை. உற்பத்தி மூன்று மடங்குக்கு மேல் பெருகியது. கூலியோ இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. மாணவர் எவரும் போட்டு அறியக்கூடிய கணக்கு இது. வாரி தொழிலாளிக்குப் பொருந்தியது உண்மை. அப்பொருத்தத்தின் பயன் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

இனிக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. லெட்டூஸ் என்னும் இலைக்காய்கறியும் சர்க்கரைப் பீட்டும் விளையும் செழித்த நிலம் அது. விதை முளைத்துச் செடிகள் நெருக்கமாக எழும்பியதும், இடைவெளி விட்டு ஒரு செடியை நிறுத்தி, ஏனையவற்றைக் கொத்திக் கழிக்க வேண்டும். இவ்வேலைக்கு அங்குள்ள பண்ணைகள் கொடுத்த கருவி, ஏறத்தாழ ஓரடி நீளமே பிடியுள்ள களைக்கொத்து. நம்மூர்ப் பெண்கள் மல்லாட்டைக் கொல்லையில் கையாளும் களைக்கொத்தை நினைத்துக்கொள்க. நம்மவர் பெரும்பாலும் குந்தியிருந்து கொத்துவர். அங்கோ நீண்ட வரிசையில் விரைந்து நகர வேண்டியிருந்தமையால் குந்தவும் வழியில்லை. இடுப்பை இரண்டாக மடித்து, விடியல் முதல் மாலை வரை, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக அவ்வாறே நடக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு முதல் சீனர், ஜப்பானியர், பிலிப்பீனியர், மெக்சிக்கர் என்று அலை அலையாக வந்த ஏழைக் கூலிகள் அந்நிலங்களில் உழைத்தனர். 1942 முதல் 1964 வரை மெக்சிக்க நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அமெரிக்க அரசே வரவழைத்தது. ஸ்பானிய மொழி பேசிய அத்தொழிலாளர் இக்கருவிக்கு 'எல் கொர்த்தீத்தோ' என்று பெயரிட்டனர். 'குட்டையன்' என்பது அதன் பொருள். 'சாத்தானின் கை' என்றும் அதனை அழைத்தனர்.

குனிந்த நிலையில் முதுகுக்கு என்ன நேர்கிறது? கிணற்று ஏற்றத்தை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஏற்றத்தின் நெடுங்கோடியில் சால் தொங்க, குறுங்கோடியில் பெருங்கல்லைக் கட்டுவர். கோடி குறுகக் குறுகக் கல் பெரிதாக வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேற்பட்ட உடல் ஏறத்தாழ முப்பது கிலோ இருக்கும். அவர் முழுதும் குனியும்போது அவ்வெடையின் நடுப்புள்ளி இடுப்பெலும்பின் மூட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னே தள்ளி நிற்கிறது. அதனைத் தாங்கிப் பிடிக்கும் முதுகுத் தசையோ மூட்டுக்குப் பின்னே ஐந்து சென்டிமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆகவே முப்பது கிலோவைத் தாங்க அத்தசை 150 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். அவ்விசை முழுவதும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டின்மேல் இறங்குகிறது. கையில் ஒரு சுமையும் இல்லாதபோதே இந்நிலை. சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து, முன்னோக்கிச் சாயச் சாய அது ஏறுகிறது என்று காட்டினார். நாள் முழுவதும், ஆண்டுக்கணக்கில் இவ்வாறு அழுந்தும் வட்டு பிதுங்கும், நரம்பை நெருக்கும். முப்பது நாற்பது வயதிலேயே நிமிர்ந்து நடக்க இயலாதவர் ஆயினர் அத்தொழிலாளர் பலர். பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேசும் இளமையில் இக்கருவியைப் பிடித்தவரே. முதுகு வலி அவரை இறுதிவரை விடவில்லை.

நீண்ட பிடி போட்டால் என்ன? வேறு பயிர்களுக்கு நீண்ட பிடியுள்ள கொத்துகள் அந்நாட்டிலேயே புழக்கத்தில் இருந்தன. குட்டைப் பிடியாயின் கண் செடிக்கு அருகில் இருக்கும், நல்ல செடி வெட்டுப்படாது என்று பண்ணையார்கள் காரணம் கூறினர். அவர்கள் அவ்வளவாக உரத்துக் கூறாத காரணம் ஒன்றும் உண்டு. குட்டைப் பிடியைக் கொண்டு நிமிர்ந்த நிலையில் வேலை செய்ய இயலாது. எனவே வயலின் கரையில் நிற்கும் கங்காணி, யார் நிமிர்ந்து நிற்கிறாரோ அவர் வேலை செய்யவில்லை என்று ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். கொத்தின் பிடி களையை வெட்டுவதற்காக மட்டும் அளக்கப்படவில்லை. மனிதரைக் கண்காணிப்பதற்காகவும் அளக்கப்பட்டது. கூலிக்காரன் நிமிர்ந்து நின்றால் பொறுக்காத கண்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கின்றன. நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஏழைகளுக்காக வாதாடும் கலிபோர்னியா ஊரகச் சட்ட உதவி நிறுவனத்தின் வழக்கறிஞர் மோரிஸ் ஜூர்டேன், தொழிலாளர் தம் முதுகைப் பற்றிக் கூறியவற்றைக் கேட்டு, 1972இல் மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறையிடம் விண்ணப்பம் செய்தார். செபாஸ்தியன் கார்மோனா முதலிய தொழிலாளர் மனுதாரர் ஆயினர். பாதுகாப்பற்ற கைக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்று அத்துறையின் விதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. குட்டைக் கொத்து அவ்விதியின்கீழ் வருவதாக அறிவிக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். மருத்துவர்கள் வந்து சாட்சியம் அளித்தனர். தொழிலாளர் தம் உடலையே சாட்சியாகக் காட்டினர். 1973இல் துறை அம்மனுவைத் தள்ளியது. பாதுகாப்பற்ற கருவி என்றால் பிடி பிளந்தது, கூர் மழுங்கியது, பழுதுபட்டது என்றுதான் பொருள்; இக்கொத்து பழுதின்றி இருக்கிறது என்பது துறையின் வாதம். சட்டத்தின் சொல்லுக்கு எவ்வளவு குறுகிய பொருள் கொள்ள முடியுமோ அவ்வளவு குறுகிய பொருள்! அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் சென்றது. 1975 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பழுதில்லாத கருவியே ஆயினும், எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காக, எவ்வாறு பிடிக்க வேண்டுமோ அவ்வாறே பிடித்து வேலை செய்யும்போது அது உடலைக் கெடுக்குமானால், அதுவும் பாதுகாப்பற்ற கருவியே என்று நீதிமன்றம் கூறியது. துறையின் ஆணையை நீக்கி, மனுவை மீண்டும் ஆராயுமாறு பணித்தது. அவ்வாண்டு ஏப்ரலில், புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஆட்சியில், குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. தடை வந்த பின்னும் சலினாசில் லெட்டூஸ் விளைந்துகொண்டுதான் இருந்தது. அக்கொத்துகளுள் ஒன்று வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்று காட்சிப்பொருளாகச் சேர்ந்துள்ளது.

கதை அதனோடு முடியவில்லை. கொத்தைத்தானே சட்டம் தடுத்தது என்று, கொத்தே இல்லாமல் வெறுங்கையால் களை பிடுங்கச் செய்தனர் பண்ணையார் சிலர். முதுகு முன்போலவே வளைந்தது. அதனைத் தடுக்க 2004இல் மற்றுமொரு விதி வேண்டியதாயிற்று. நீண்ட பிடியுள்ள கருவியால் செய்யக்கூடிய இடத்தில் குனிந்தோ மண்டியிட்டோ குந்தியோ கையால் களை பறிக்கச் செய்யலாகாது என்றது அவ்விதி. இயற்கை வேளாண் பண்ணைகளுக்கு அதிலும் விலக்கு அளிக்கப்பட்டது. நஞ்சில்லாத உணவு நல்லதே. அதற்குரிய விலையை முதுகால் கொடுப்பவர் யார் என்பதையும் உண்பவர் எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்றே வேலை செய்வோர்க்கு வாய்ப்பு நேரும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று தன் 44ஆம் பிரிவில் விதித்தது. அளவு மீறிய சுமை, கண்ணுக்குக் காப்பு ஆகியன பற்றியும் அதில் பிரிவுகள் இருந்தன. ஆயினும் அச்சட்டம் தொழிற்சாலையின் மதிலுக்கு உள்ளே நின்றது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு அது பயன்படவில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பு கடைப்பெண்களைத் திரட்டிப் போராடியது. 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கைக்கு வழி செய்தன. ஒரு முக்காலியைப் பெற 73 ஆண்டுகள்!

துப்புரவுத் தொழிலில் நடந்ததோ இன்னும் கசப்பானது. மலக்கூடையைத் தலையில் சுமக்கும் கொடுமையை ஆராயப் பம்பாய் அரசு 1949இல் பர்வே தலைமையிலும், மத்திய அரசு 1957இல் மல்கானி தலைமையிலும் குழுக்களை அமைத்தன. மல்கானி குழுவின் அறிக்கை 1960இல் வந்தது. தலைச்சுமையை ஒழித்துத் தள்ளுவண்டியைக் கொண்டுவருவதே அந்நாளைய பெருந்திட்டம். நகராட்சிகளுக்கு வண்டி வாங்கப் பணமும் வழங்கப்பட்டது. கூடையினும் வண்டி மேல் என்பதை நான் மறுக்கவில்லை. தலையில் வழியும் மலத்தைச் சுமந்தவர்க்கு அந்த வேறுபாடு சிறிதன்று. எனினும் வண்டியைத் தள்ளியவரும் அதே தெருவைச் சேர்ந்தவராகவே இருந்தார். உலர் கழிப்பிடங்களையும் இத்தொழிலில் ஆள் அமர்த்துவதையும் தடுக்கும் சட்டம் 1993இல்தான் வந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதன் விதிகள் முகமூடி, கையுறை முதலிய காப்புக் கருவிகளைப் பட்டியலிட்டுக் கூறுகின்றன. ரமாட்சினியின் சிறுநீர்ப்பை இங்கே நினைவுக்கு வருகிறது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு இழப்பீடு பத்து இலட்சம் என்று 2014இல் விதித்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்த நேர்ந்தது என்றால், சட்டத்துக்குப் பின்னும் சாவு நிற்கவில்லை என்பதே பொருள். 2018இல் திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் செய்து இயக்கிய 'பாண்டிகூட்' என்னும் இயந்திரம் தன் கையைக் குழிக்குள் விடுகிறது. இயக்குபவர் தரையில் நிற்கிறார். இத்தொழிலுக்கு ஏற்ற கருவி எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அதற்குரிய முதல் இலக்கணம் இதுவே என்பேன்.

சிறிய செய்தி ஒன்றையும் சொல்லி வைக்கிறேன். முன்னர் நான் பணிபுரிந்த பள்ளி ஒன்றில், வளாகம் பெருக்கும் அம்மையார்க்கு நீண்ட பிடியுள்ள துடைப்பம் வேண்டி மேலிடத்துக்கு எழுதினேன். அதற்குச் செலவினத் தலைப்பு இல்லை என்று விடை வந்தது. ஐந்தடி மூங்கில் கழி ஒன்றின் விலை அப்போது ஒரு வெள்ளைத்தாள் கட்டின் விலைக்கும் குறைவு. பழைய மாணவர் ஒருவர் கழியும் கயிறும் கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார். அவ்வம்மையார் அதனைப் பிடித்துப் பார்த்து, இன்னும் ஒரு சாண் குறைக்கலாம் என்றார். குறைத்தோம்.

அவர் கூறிய அந்த ஒரு சாணில்தான் இத்துறையின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது. வயலில் நின்றபடியே உருட்டிக் களையெடுக்கும் கோனோவீடர் என்னும் கருவி ஒற்றை நாற்று நடவுடன் நம் நெல் வயல்களுக்கு வந்தது. முதுகுக்கு அது நன்மையே. எங்கள் வட்டாரத்தில் அதனைத் தள்ளிப் பார்த்த பெண்கள், சேற்றில் கனக்கிறது, பிடி மார்புக்கு மேலே வருகிறது என்று கூறிக் கரையேறினர். ஆண்கள் அதனைப் பிடித்தனர். களையெடுப்புக் கூலியும் அவர்கள் கைக்குப் போயிற்று. இக்குறை அறிஞர்க்குத் தெரியாததன்று. போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தை மையமாகக் கொண்ட அகில இந்திய ஆய்வுத் திட்டத்தின்கீழ், கோவை வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் உழவுத் தொழிலாளர் ஆண் பெண் இருபாலரின் உயரம், கை நீளம், பிடியின் அகலம், தள்ளும் வலு ஆகியவற்றை அளந்து பதிந்துள்ளனர். அவ்வளவுகளைக் கொண்டு, பெண்களுக்கென எடை குறைந்த களையெடுப்பான்களும் செய்யப்பட்டுள்ளன. நமது சங்கத்தில் பயின்று பொறியியல் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் அப்பட்டியலைத் தேடிப் படிக்கட்டும். படித்துவிட்டு, தம் தாயை நிற்கச் சொல்லி, அவர் முழங்கை தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று ஒரு முறை அளந்து பார்க்கட்டும்.